அப்பா நட்ட தென்னையில் பாளை வெடித்திருக்கிறது, அம்மா விளக்கு ஏற்ற மறுக்கிறாள்

தோப்புக்காரன்:
வணக்கம். எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அடித்தது. ராத்திரி படுக்கும்போது 160 தென்னை நின்ற தோப்பில் விடிந்து பார்த்தால் 19 மிச்சம், அதுவும் குருத்து திருகிப்போய். எல்லாம் தாத்தா வைத்த மரங்கள். அப்பா வரப்பில் உட்கார்ந்து விழுந்த மரங்களை எண்ணினார், எண்ணி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணினார், அன்றைக்கு முழுக்க அதுதான். சாய்ந்த மரத்தை அப்படியே மட்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் பெருகி மிச்ச மரத்தையும் குடைந்துவிடும், அதனால் அறுத்து அப்புறப்படுத்தவே மாதக்கணக்கில் ஆயிற்று. 2019 ஆடியில் நெட்டைக் கன்று நட்டார். நெட்டை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகுமே, குட்டை ரகம் வைக்கலாமே என்றேன். "நெட்டைதான் நின்னு காய்க்கும், நீ பறிப்பே" என்றார்.

போன ஐப்பசியில் அப்பா தவறிவிட்டார். மாரடைப்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து தோப்புக்குப் போனால் கிணற்றடி மரத்தில் முதல் பாளை வெடித்திருக்கிறது. ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "ஆறு வருஷம் தண்ணி ஊத்துன மனுஷனுக்கு இன்னும் பதினாறு நாள் கொடுக்க முடியலையா அந்தச் சாமிக்கு?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வீட்டில் விளக்கு இல்லை. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போகாத அம்மாவை நான் பார்த்ததே கிடையாது. சொல்ல என்னிடம் பதில் இல்லை, நானும் உள்ளுக்குள் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்படி அடிபட்டு, அப்புறம் நம்பிக்கை திரும்பியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

முல்லைக்கொடி:
தம்பி, நான் வேதாரண்யம். கஜா கரையேறியதே எங்கள் பக்கம்தான். எங்கள் கோயில் கதவுக் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவைத் திறக்க அப்பர் பாடுகிறார், பாட்டுக்கு மேல் பாட்டாகப் பாடியும் திறக்கவில்லை, கடைசியில் உமக்கு இரக்கமே இல்லையா என்று கேட்ட பிறகுதான் திறந்தது. அப்புறம் சம்பந்தர் ஒரே பாட்டில் அடைத்துவிட்டார். சின்ன வயதில் பாட்டி சொல்லும்போதெல்லாம் கதவு தானாகத் திறக்கிற அதிசயம் மட்டும்தான் எனக்குப் பிடிக்கும். கஜாவில் வீட்டுக் கூரை ஓடும் போய், முல்லைத் தோட்டமும் மண்ணோடு மண்ணாகக் கிடந்தபோதுதான் அந்தக் கேள்வியை யார் கேட்டது என்று யோசித்தேன். சாமிக்காக அத்தனை பாடுபட்டவரே கேட்டிருக்கிறார்! ஒரு வருஷம் நான் சாமியைத் திட்டினேன், ஆனால் ஒரு நாள்கூடப் பேசாமல் இருக்கவில்லை. உங்கள் அம்மாவும் சாமியிடம்தான் பதினாறு நாள் கேட்டு நிற்கிறார். விளக்கை ஏற்று என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள் தம்பி.

பலாத்தோப்பு:
நான் பண்ருட்டி. 2011 டிசம்பர் 30, தானே புயல். பலாவும் முந்திரியும் வேரோடு போயின, என் பாட்டனார் காலத்துப் பலா உட்பட. என் நம்பிக்கை பழையபடி திரும்பியது என்று சொன்னால் அது பொய். ஆனால் ஒன்று. அப்போது முகம் தெரியாத யாரோ எங்கள் தெருவுக்குத் தார்ப்பாயும் பாலும் கொண்டுவந்தார்கள். அதனால் கஜா அடித்ததும் நாங்கள் நாலு பேர் தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவத்தி எல்லாம் ஏற்றிக்கொண்டு உங்கள் பக்கம் வந்தோம். ஒரு வீட்டில் கூரையே இல்லை. அந்த வீட்டுப் பாட்டி நாங்கள் கொடுத்ததை வாங்குவதற்கு முன்னால் அரிவாளை எடுத்து, விழுந்துகிடந்த மரத்துக் குலையிலிருந்து இளநீர் சீவி ஆளுக்கு ஒன்று நீட்டினார். "வாடுறதுக்குள்ள குடிங்கய்யா" என்றார். அந்த இளநீரைக் கையில் வாங்கியபோது மனசு எப்படி இருந்ததோ, அதைத்தான் இன்றைக்கும் நான் சாமி என்கிறேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கடலோரத்தாள்:
எங்களுக்கு ஒக்கி புயல், 2017 நவம்பர் 30. குமரி மாவட்டக் கடற்கரை ஊர். என் தம்பி ஆழ்கடலுக்குப் போன விசைப்படகில் இருந்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு போகும், எங்களுக்குப் போய் நிற்க ஒரு கல்லறை கிடையாது. அம்மை மூன்று வருடம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. பங்குத்தந்தை அவ்வப்போது வீட்டுக்கு வருவார், பிரசங்கம் ஒன்றும் வைக்க மாட்டார், கட்டன்சாயா குடித்துக்கொண்டே தம்பியைப் பற்றிக் கேட்பார், அவன் சின்னதில் எப்படி, எந்த மீன் பிடிக்கும் என்று. அதற்காகவே அவருக்கு நான் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வேன். நாலாவது வருடம் கல்லறைத் திருநாளன்று அம்மை தானாகவே ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள். காற்றில் அணைந்து அணைந்து போனது. முந்தானையால் மறைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப ஏற்றினாள், ஒரு தீப்பெட்டி தீர்ந்தது. ஜெபம் எதுவும் சொல்லவில்லை, அவனுக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பைப் பற்றி அவனிடமே பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் இப்போது சாமியைப் பற்றிப் பேச வேண்டாம், அப்பாவைப் பற்றிப் பேசுங்கள். ஒன்று கேட்கிறேன், அந்தப் பாளையை அம்மா பார்த்தாரா?

தோப்புக்காரன்:
பார்க்கவில்லை அக்கா. கூட்டிப்போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, நீங்கள் கேட்டபோது வெட்கமாகிவிட்டது. நேற்று கூட்டிப்போனேன். பிஞ்சுக் குரும்பை நிறைய உதிர்ந்திருந்தது, குலையில் நாலைந்துதான் நின்றது. முதல் பாளை அப்படித்தான். அம்மா உதிர்ந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டாள். கன்று நட்ட அன்றைக்குக் குழி ஆழம் போதாது என்று அப்பா மூன்று தடவை வெட்டச் சொன்னதை, கூலியாள் கோபித்துக்கொண்டு போனதை, அப்புறம் அவரே மண்வெட்டியோடு இறங்கியதை எல்லாம் சொன்னாள். எனக்கு ஒன்றுமே தெரியாது, நான் அப்போது திருப்பூரில் இருந்தேன். சொல்லிக்கொண்டே மரத்தடியைக் காலால் கிளறிப் பார்த்து, "காஞ்சு கிடக்குடா, மோட்டாரைப் போடு" என்றாள்.

விளக்கு இன்னும் ஏற்றவில்லை. நானும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடி தோப்புக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.