வேலைக் குதிரைகளைப் படமெடுத்தபோது நடந்தது

நிழல்பெட்டி
புல்கட்டு ஏற்றும் வண்டி. குதிரை ஒரு பின்காலைத் தளர்த்தி, குளம்பு நுனியை மட்டும் ஊன்றி அரைத் தூக்கத்தில் நின்றது. வண்டிக்காரர் மேலே நின்று கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நல்ல வெளிச்சம். பழைய டிஎஸ்எல்ஆரில் தொடர்ச்சியாக ஐந்து படம் அமுக்கினேன். குதிரை சட்டென்று இரண்டடி முன்னால் வைத்தது. மேலே நின்றவர் தடுமாறி வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கட்டுகள் கீழே விழுந்தன. அவர் திட்டவில்லை. நாக்கை அண்ணத்தில் தட்டி 'ட்ச் ட்ச்' என்று செய்துகாட்டினார். கிளம்பச் சொல்லும் சத்தம் அதுதானாம். என் கேமராவும் அதையேதான் சொல்லியிருக்கிறது. படம் நன்றாகத்தான் வந்தது. யாருக்கும் காட்டவில்லை.

மூன்றாம் ஏர்
எனக்கு வேறு மாதிரி. உழவு முடிந்து குதிரையின் கழுத்துப்பட்டையைக் கழற்றும் நேரம். பட்டைக்கு அடியில் வியர்வை சோப்பு நுரை போல வெள்ளையாகத் திரண்டிருந்தது. கிட்டே போய் எடுத்தேன். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால், நுரையின் ஓரத்தில் காசளவு தோல் உரிந்திருக்கிறது. குதிரையை அவ்வளவு பிரியமாகத் தடவிக்கொடுத்த உழவர், அவர் கவனித்தாரா தெரியாது. படத்தை அவருக்கு அனுப்பலாமா என்று மூன்று நாள் யோசித்து, அனுப்பாமலே விட்டுவிட்டேன். தப்புதான்.

கடிவாளம்
நிழல்பெட்டி, ஷட்டர் சத்தத்தின்மேல் பழி போடாதீர்கள். எங்கே நின்றீர்கள் என்றே சொல்லவில்லையே? குதிரைக்குச் சுற்றிலும் ஏறக்குறைய 350 பாகை தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. கண்ணோரத்தை மறைக்கும் கண்பட்டை கட்டியிருந்தால் பின்பக்கம் மொத்தமும் போச்சு, அப்புறம் காதை வைத்துத்தான் எல்லாம். தோள்பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். காது இரண்டும் பின்னால் படுத்துவிட்டால் கேமராவை இறக்கிவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டவே வேண்டாம். அகலமாகக் காட்டும் வைட் லென்ஸோடு கிட்டே போனால் தலை பானை மாதிரி, உடம்பு ஆட்டுக்குட்டி மாதிரி வரும். 85 முதல் 135 எம்எம் லென்ஸ் சரி, தள்ளி நின்றே எடுக்கலாம். வெள்ளைக் குதிரைக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, கூட்டுங்கள், கறுப்புக்குக் குறையுங்கள், கேமராவின் ஒளி மீட்டர் இரண்டையும் சாம்பலாக்கப் பார்க்கும். புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் 1878-லேயே ஓடும் குதிரையின் நாலு குளம்பும் தரையில் படாத நொடியைப் பிடித்துவிட்டார். நமக்கு ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியில் வைக்க என்ன கஷ்டம்?

என் கதையா? லாடம் அடிக்கும்போது பின்னால் நின்று உதை வாங்கினேன். கேமரா பை காப்பாற்றியது. அவ்வளவுதான்.

மூன்றாம் ஏர்
வாலுக்கு நேர் பின்னாலேயா?

நிழல்பெட்டி
நான் நின்றது தோளுக்கு நேராக, பத்தடி தள்ளி. கண்பட்டையும் கிடையாது, என்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. ஐந்து படத்தையும் வரிசையாக வைத்தால் தெரிகிறது. இரண்டாவதில் காது என் பக்கம் திரும்புகிறது. நான்காவதில், தளர்ந்திருந்த அந்தப் பின்கால் நேராக ஊன்றி நிற்கிறது. ஐந்தாவதில், ஓரத்தில், பிடிமானம் தேடும் ஒரு கை.