பாப்பாவுக்கு இதயத்துல டிவைஸ் வச்ச அனுபவம்: ஆபரேஷனை விட அதுக்கப்புறம்தான் பெரும்பாடு

உசிலம்பட்டி அப்பா:

பாப்பாவுக்கு அப்ப மூணு வயசு. அங்கன்வாடிக்கு செக்கப்புக்கு வந்த டாக்டரம்மா மத்த பிள்ளைகளை மடமடன்னு பாத்து அனுப்பிட்டு, இவ நெஞ்சுல மட்டும் ஸ்டெத்தஸ்கோப்பை வச்சவங்க எடுக்கவே இல்ல. “இரைச்சல் கேக்குது, பெரியாஸ்பத்திரில எக்கோ, அதான் இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன், பாத்துருங்க”ன்னு சீட்டு எழுதிக் குடுத்தாங்க. கைக்குழந்தையா இருக்கயில பால் குடிச்சாலே தலை தொப்புத்தொப்புன்னு வேர்க்கும், எந்நேரமும் சளி. எங்க ஊர்ல அதுக்கு ‘சூட்டு உடம்பு’ன்னு பேரு, அவ்வளவுதான்.

எக்கோவுல பிடிஏன்னு வந்துச்சு. வயித்துக்குள்ள இருக்கயில குழந்தை நுரையீரலால மூச்சு விடாதுல்ல, அதனால மகாதமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவுல ஒரு குறுக்குக் குழாய் இருக்கும். பொறந்து சில நாள்ல தானா மூடிக்கணும். இவளுக்கு மூடல. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தத்துல ஒரு பங்கு மறுபடி நுரையீரலுக்கே போக, இதயத்துக்கு வெட்டி வேலை.

“நெஞ்சைக் கிழிப்பாகளா?”ன்னு எங்கம்மா கேட்டது ஒண்ணுதான். தொடை இடுக்குல ரத்தக்குழாய் வழியா ட்யூபை விட்டு, மெல்லிசுக் கம்பி வலையில செஞ்ச டிவைஸைத் தக்கை மாதிரி அங்க பொருத்திருவாங்கன்னு டாக்டர் படம் போட்டுக் காட்டினாரு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில, மதுரையிலயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில முடிஞ்சது. ரேஷன் கார்டுல பிள்ளை பேரு ஏறியிருக்கான்னு முதல்லயே பாத்துக்கங்க, கடைசி நேரத்துல அலைய வேணாம்.

இந்த ட்யூப் விடுற ரூமுக்குக் கேத் லேப்னு பேரு, அங்க ஒரு மணி நேரம் போல ஆச்சு. அதைப் பத்தி எழுத ஒண்ணுமில்ல, நாங்க வெளிய உக்காந்திருந்தோம். வெறும் வயித்தோட பன்னு கேட்டு அழுதவளைச் சமாளிச்சதே அதைவிடப் பெருசு.

நான் சொல்ல வந்ததே அதுக்கப்புறம் நடந்ததைத்தான். ட்யூப் போட்ட காலை ஆறு மணி நேரம் மடக்கக் கூடாது, மடக்குனா ரத்தம் கசியும். மயக்கம் தெளிஞ்ச மூணு வயசுப் பிள்ளைகிட்ட இதை யாரு சொல்றது? தொடையில குட்டி மணல் பையை வச்சாங்க. சிஸ்டர் அடிக்கடி வந்து பாதத்தைத் தொட்டு, சூடு இருக்கா, நாடி துடிக்குதான்னு பாத்துட்டுப் போனாங்க. எங்கம்மா கட்டிலோரமா நின்னு முட்டியை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வீட்டுல இருக்குற ஆடு ஒவ்வொண்ணும் என்னென்ன சேட்டை பண்ணுச்சுன்னு கதை கதையா விட்டுச்சு. பாதி பொய். கறுப்பு ஆடு பஸ்ஸேறி ஆண்டிபட்டி போன கதையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டா. போன்ல கார்ட்டூன் அரை மணி நேரம்கூடத் தாங்கல. கதை சொல்லத் தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போங்க, அம்புட்டுத்தான்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த பஞ்சாயத்து. குலதெய்வம் கோயில்ல காது குத்துன்னு நாள் குறிச்சு, தாய்மாமன் தோடு வாங்கி வச்சாச்சு. டிவைஸ் மேல சதை மூடுற வரைக்கும், ஆறு மாசம், கிருமி ரத்தத்துல ஏறவிடக் கூடாது. காது குத்து இப்ப வேணாம், பல்லு பிடுங்குறதா இருந்தா டாக்டர்கிட்ட முதல்ல சொல்லணும்னுட்டாங்க. மாமனுக்கு முகம் சுண்டிப் போச்சு. மொட்டை மட்டும் போட்டோம். காது குத்தை அடுத்த வருசம் கெடா வெட்டோட வச்சுக்கிட்டோம்.

மேலூர் அம்மா:

அண்ணே, உங்க பாப்பா நல்லா இருக்கட்டும். எல்லா ஓட்டையையும் டிவைஸ்ல அடைக்க முடியாதுன்னு இங்க யாராச்சும் சொல்லணும். என் மகனுக்கு இதயத்தோட கீழறை ரெண்டுக்கும் நடுச்சுவர்ல பெரிய ஓட்டை. நெஞ்செலும்பைத் திறந்துதான் பண்ணினாங்க. ஆபரேஷன் நடக்கயில இதய வேலையை மிஷின் பாக்கும்னு சொன்னப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஐசியூவுல அத்தனை ட்யூபோட பாக்கப் போறோம்னு முன்னாலயே மனசைத் தேத்திக்கங்க.

வீட்டுக்கு வந்தா, எலும்பு கூடுற வரைக்கும், எங்களுக்கு ஆறு வாரம்னாங்க, அக்குள்ல கை குடுத்துத் தூக்கக் கூடாது. ஒரு கை கழுத்துக்கடியில, ஒரு கை இடுப்புக்கடியில. பாக்க வர்ற சொந்தம் பூரா ‘வாடா தங்கம்’னு அக்குள்லதான் கை வைக்கும். நான் வாசல்லயே நின்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தேன். திமிரு பிடிச்சவன்னு பேரு வாங்கினேன், போகட்டும்.