தொகுத்து வைத்த டெம்ப்ளேட்கள் கேச்சில் இல்லாமல் போவது ஏன்?

ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பின் 1.8.2 பதிப்பில் எழுதிய எங்கள் செயலியின் 140 எச்டிஎம்எல் டெம்ப்ளேட்களையும் (திரைப் பகுதிகளின் வார்ப்புகள்) கல்ப் 4 என்ற தொகுப்புக் கருவி வழியாக ஒரே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகத் தொகுத்து, செயலி தொடங்கும்போதே, அவற்றை நினைவகத்தில் வைத்திருக்கும் டெம்ப்ளேட் கேச்சில் பதிவு செய்கிறோம். கடந்த வார வெளியீட்டிலிருந்து, உரையாடல் பெட்டிகளுக்கான ஆறு டெம்ப்ளேட்கள் மட்டும் சர்வரிடம் தனியாகக் கேட்கப்படுகின்றன. பிரௌசரோ தன்னிடமுள்ள பழைய நகலைக் கொடுத்துவிடுவதால், புதிய கன்ட்ரோலரோடு (பெட்டியை இயக்கும் நிரல்) பழைய படிவம் சேர்ந்து, பயனர் நிரப்பிய விவரங்கள் சேமிக்கப்படாமல் போகின்றன. இதுதான் எனக்குப் பெரும் கவலை.

கேச்சில் உள்ள பெயரும் டெம்ப்ளேட் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்பதால், தொடக்கத்தில் வரும் சாய்கோடு வரை ஒப்பிட்டேன், பிழையில்லை. தொகுப்புக் கோப்பின் பெயரில் ஹாஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீடு) இருக்கிறது, பிரௌசரின் பின்னணியில் கோப்புகளைச் சேமித்துத் தரும் சர்வீஸ் வொர்க்கர் கிடையாது. கோரிக்கைகளை இடைமறித்து மாற்றும் இன்டர்செப்டர் மூலம் முகவரியில் பதிப்பு எண்ணைச் சேர்த்தபோது புதிய படிவம் வந்தது. ஆனால் முகவரி மாறியதால் மற்ற டெம்ப்ளேட்களும் கேச்சைத் தவறவிட்டன, ஆகவே அதை நீக்கிவிட்டேன். செயலி தொடங்கியவுடன் பார்த்தால் ஆறும் கேச்சில் இருக்கின்றன. பெட்டியின் கன்ட்ரோலருக்குள்ளிருந்து பார்த்தால் இல்லை. கேச்சைக் காலி செய்யும் வரி எங்கள் நிரலில் எங்குமே இல்லை.

அந்த வெளியீட்டில்தான் உரையாடல் பெட்டிகளைப் பின்னர் ஏற்றப்படும் தனி மாட்யூலாகப் பிரித்தோம். அந்த மாட்யூல் வேறொரு இன்ஜெக்டரில் (கேச் போன்ற சேவைகளை உருவாக்கி வழங்கும் பகுதி) இயங்கி, தனக்கென வெறுமையான டெம்ப்ளேட் கேச்சை வைத்திருக்கிறதா என்பதை எவ்வாறு உறுதி செய்வது?