ஐதரசன் கனவளவில் இருந்து மூல் கணக்கிட்டால் கூட வருகிறது, ஏன்?

கேள்வி (கோண்டாவில், ஏ.எல் மாணவி)
அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. 0.024 கிராம் மகனீசியம் நாடாவை மிகையான ஐதரோகுளோரிக் அமிலத்துடன் தாக்கமுறவிட்டு, வந்த ஐதரசனைக் கவிழ்த்த அளவியில் (அளவுக்கோடுகள் உள்ள கண்ணாடிக் குழாய்) நீருக்கு மேல் சேர்த்தோம். 26 கன சென்ரிமீற்றர் வந்தது. மகனீசியம் 0.001 மூல் (துணிக்கைகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் அலகு) என்றால் ஐதரசனும் 0.001 மூல்தானே? ஆனால் 26 ஐ 22,400 ஆல் வகுத்தால் 0.00116. நாடாவை மண்தாளால் நன்றாக உரஞ்சித்தான் நிறுத்தோம்.

பதில் (கொக்குவில்)
தங்கச்சி, நாடாவில் பிழை இல்லை. ஒரு மூல் வாயுவுக்கு 22.4 லீற்றர் (22,400 கன சென்ரிமீற்றர்) என்பது 0 பாகை செல்சியஸுக்கும் 1 வளிமண்டல அமுக்கத்துக்கும் உரிய கணக்கு. எங்கள் ஊர் ஆய்வுகூடத்தில் 30 பாகை சாதாரணம். 22.4 ஐ 303/273 ஆல் (30 பாகையும் 0 பாகையும் கெல்வினில்) பெருக்குங்கோ, 24.86 லீற்றர் வரும். அதால் வகுத்துப் பாருங்கோ.

கேட்டவர்
நன்றி அண்ணா. இப்ப 0.00105. இன்னும் கொஞ்சம் கூடத்தான். மற்றது, காபனீரொட்சைட்டு பாரமான வாயு, அதன் ஒரு மூல் கூடுதல் இடம் பிடிக்காதா?

பதில் (நல்லூர், இரசாயனவியல் ஆசிரியர்)
பிள்ளை, அளவிக்குள் ஐதரசன் மட்டும் இல்லை, நீராவியும் இருக்கிறது. 30 பாகையில் அதன் நிரம்பல் ஆவியமுக்கம் ஏறக்குறைய 4.2 கிலோ பஸ்கால். வளிமண்டல அமுக்கமான 101.3 இல் அதைக் கழித்தால் ஐதரசனுக்கு மிஞ்சுவது 97.1. 26 × 97.1 ÷ 101.3 = 24.9. அதை 24,860 ஆல் வகுங்கோ, 0.00100.

வாசிப்பு எடுக்க முன், வாயு அறை வெப்பநிலைக்கு ஆறட்டும். உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கவேண்டும். உள்மட்டம் 13.6 சென்ரிமீற்றர் உயர்ந்து நின்றாலே அமுக்கம் 1 சென்ரிமீற்றர் இரசத்தால் குறைந்துவிடும். பிள்ளைகள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மற்றக் கேள்விக்கு: அவகாதரோ 1811 இல் சொன்னது இதுதான். ஒரே வெப்பநிலை, ஒரே அமுக்கம் என்றால் சம கனவளவில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள். வாயுவின் இடத்தில் பெரும்பங்கு மூலக்கூறுகளுக்கு இடையிலான வெற்றிடம், ஆகவே மூலக்கூற்றின் பாரம் கணக்கில் வராது. அந்த 24.86 லீற்றரில் ஐதரசன் என்றால் 2 கிராம், காபனீரொட்சைட்டு என்றால் 44 கிராம். மூல் இரட்டித்தால் கனவளவும் இரட்டிக்கும்.

கேட்டவர்
விளங்கிவிட்டது சேர். அப்ப காபனீரொட்சைட்டையும் இதே அளவியில் சேர்த்துப் பார்க்கலாமா?

பதில் (நல்லூர்)
வேண்டாம், அது நீரில் கரையும், கனவளவு குறைத்துக் காட்டும். வாயு சிறிஞ்ச் இருந்தால் அதில் எடுங்கோ.