ராஜினாமா செய்யச் சொல்கிறார்கள்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 4 ஆண்டுகள் 10 மாதங்களாகப் பணிபுரிகிறேன். எங்கள் புராஜெக்ட் முடிந்ததால் இரண்டு மாதங்களாக பெஞ்சில் (அடுத்த புராஜெக்ட் ஒதுக்கப்படாமல் காத்திருப்பில்) இருக்கிறேன்.

கடந்த திங்கட்கிழமை எச்.ஆர். அதிகாரிகள் என்னைத் தனியறைக்கு அழைத்து, நானாகவே ராஜினாமா செய்தால் இரண்டு மாதச் சம்பளமும் ரிலீவிங் கடிதமும் (பணியிலிருந்து முறைப்படி விடுவித்ததற்கான கடிதம்) கிடைக்கும் என்றும், மறுத்தால் செயல்திறன் குறைவு என்று பதிவு செய்து நீக்கிவிடுவோம் என்றும் வாய்மொழியாகவே கூறினர். கைப்பேசியை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னதுதான் என்னை மிகவும் வருத்தியது. சென்ற ஆண்டு வரை என் மதிப்பீடு நன்றாகவே இருந்தது.

பணிநீக்கம் போன்றவற்றில் ஊழியர்களுக்குப் பாதுகாப்பு தந்த, அப்போது நடைமுறையில் இருந்த தொழில் தகராறு சட்டம் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியதை அறிவேன். ஆனால் நானே எழுதிக் கொடுத்துவிட்டால், அது கட்டாயத்தால் நேர்ந்தது என்று பின்னர் நிரூபிப்பது கடினம் என அஞ்சுகிறேன்.

இத்தகைய அழுத்தத்தில் கையெழுத்திட மறுத்தவர்கள் இங்கே இருந்தால், அதன்பின் என்ன நடந்தது என்று தயவுசெய்து சொல்லுங்கள். ரிலீவிங் கடிதம் இல்லாமல் அடுத்த நிறுவனத்தின் பின்னணிச் சரிபார்ப்பை எவ்வாறு கடந்தீர்கள்? ஐந்தாம் ஆண்டில் 240 நாள்கள் பணிபுரிந்திருந்தாலே பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறதே, அதன்படி யாரேனும் பெற்றிருக்கிறீர்களா? வெள்ளிக்கிழமைக்குள் நான் பதில் சொல்லியாக வேண்டும்.