மறு: தெருத் தளபாடமா, தெருக்கலனா?

ஐயா, வணக்கம்.

தபால் பெட்டி, மைல்கல் என்று வீதியோரம் நாட்டிய பழைய பொருள்களைப் பதிவுசெய்யும் படிவத்தில், ஆங்கிலத்து "street furniture" என்பதற்கு என்ன தமிழ் போடுவது என்பதுதானே கேள்வி. "தெருத் தளபாடம்" சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் எங்கள் கந்தோர்களில் தளபாடம் என்றால் வருட முடிவில் எண்ணிப் பார்த்து, பழசானதைக் கழித்து ஏலத்தில் விடுகிற சாமான். காப்பாற்றச் சொல்லிக் கேட்கிற பொருளுக்கு அந்தப் பெயரையா வைப்பது? தங்கச்சி தந்த "தெருக்கலன்" கேட்க அழகு. ஆனாலும் வன்னியில் கலன் என்றதும் மண்ணெண்ணெய்தான் ஞாபகம் வரும்.

என் பங்குக்கு "நடுபொருள்". நடுகல் மாதிரி வினைத்தொகை. இடையில் ப் போட்டு "நடுப்பொருள்" ஆக்கினால் சாமான் வீதிக்கு நடுவில் வந்துவிடும், தட்டச்சு செய்பவர்கள் கவனம்! தனியே நின்றால் விளங்காது என்பவர்கள் "வீதி நடுபொருள்" என்று எழுதட்டும்.

வெள்ளைக்காரன் கொண்டுவந்த வார்ப்பிரும்புத் தபால் பெட்டியோடு சுமைதாங்கி, ஆவுரோஞ்சிக் கல், மைல்கல் எல்லாம் இதில் ஒரே பட்டியலில் ஏறும். தலைச்சுமையை இன்னொருவர் கை கொடுக்காமலே இறக்கிவைக்கத் தோளுயரத்துக்குக் கட்டியது சுமைதாங்கி. மாடு உடம்பு உரோஞ்சக் கேணிக்கரையில் நட்டது ஆவுரோஞ்சிக் கல். இவற்றைப் போய்த் தளபாடம் என்று யார் சொல்வார்கள்?

பெட்டி வகைகளுக்குச் சண்டை வேண்டாம். நிலத்தில் நிற்பது தூண்பெட்டி (பிரித்தானியத் தபால் துறை 1852இல் ஜேர்சித் தீவில் தொடங்கியது), சுவரில் பதித்தது சுவர்ப்பெட்டி, விளக்குக் கம்பத்தில் பூட்டும் சிறுசு கம்பப்பெட்டி.

பெட்டியின் முகப்பில் புடைத்து நிற்கும் அரச எழுத்துக்கு (ஆண்ட அரசரின் பெயர்ச் சுருக்கம்) "முடியெழுத்து" போதும். முடிக்குரிய காணி என்று கேட்டுப் பழகிய சனத்துக்கு விளக்கம் தேவையில்லை. பெட்டியின் வயதைச் சொல்வதே அதுதான்: வெறும் ஜீ.ஆர். (GR, "ஜோர்ஜ் அரசர்" என்பதன் சுருக்கம்) என்றால் ஐந்தாம் ஜோர்ஜ், 1910–1936. நடுவில் ரோம எண் ஆறு இருந்தால் மகன் ஆறாம் ஜோர்ஜ். சிவப்புப் பெயின்ற் அடித்து அடித்து எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். பதிவுக்குப் போகிற பிள்ளைகள் தூர நின்று படம் எடுத்துவிட்டு "எழுத்து இல்லை" என்று எழுதிக்கொண்டு வரக் கூடாது. விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பிரித்தானியாவில் 1879 முதல் 1887 வரை முடியெழுத்தே இல்லாமல் பெட்டிகள் வார்த்தார்கள். அதனால் படிவத்தில் "இல்லை" ஒரு கட்டம், "தெரியவில்லை" வேறு கட்டம். போர் முடிந்த கையோடு பழைய இரும்பு லொறிகள் ஒழுங்கை ஒழுங்கையாக வந்த ஊர் இது. "கழற்றப்பட்டது" என்றும் ஒரு கட்டம் போடுங்கள்.