பழைய மர இழுப்பறைக்கு நிறம் ஏற்றிய அனுபவம்

எங்கள் வீட்டு மூலையில் கருத்துப்போய்க் கிடந்த இழுப்பறைப் பெட்டியை மயில் நீலத்துக்கு மாற்றியிருக்கிறேன். நிறம் அடிப்பது ஒரு வேலையே இல்லை, அதற்கு முந்தைய கட்டம்தான் முழு ஆளையும் கேட்கிறது.

முதலில் மேலே என்ன பூச்சு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் கண்ணில் படாத இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துத் தேய்த்தேன். பிசுபிசுவென்று இளகி வந்தது. அரக்குப் பாலிஷ்! ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் அது லாக்கர் (lacquer) பூச்சு. இரண்டுக்கும் மசியவில்லை என்றால் பெரும்பாலும் வார்னிஷ்தான். மெழுகு பூசியிருந்தால் டர்பன்டைனால் துடைத்தெடுத்த பிறகே உப்புத்தாள். 120-ஆம் எண் தாளில் ஆரம்பித்து, அதைவிட நைசான 220-ல் முடித்தேன். மரம் வெளியே தெரியும்வரை சுரண்டத் தேவையில்லை, பளபளப்பு போனால் போதும்.

பெயிண்டுக்கு அடியில் பூசும் பிரைமரில், தண்ணீரில் கரையும் வெள்ளை வகையை அடித்தேன். மறுநாள் பார்த்தால் அங்கங்கே தேநீர் சிந்தியதுபோல் மஞ்சள் கறை. இன்னொரு கோட் அடித்தும் கறை மேலே ஏறி வந்தது. தேக்கு, ஓக், மகோகனி போன்ற மரங்களில் டானின் என்ற, கறை ஏற்றும் இயற்கைப் பொருள் உண்டு. அது தண்ணீரில் கரைவதால் ஈரப் பூச்சோடு சேர்ந்து மேலே வந்துவிடுகிறது. எத்தனை கோட் அடித்தாலும் இதே கதைதான். அரக்கு கலந்த பிரைமர் ஒரு கோட் கொடுத்ததும் கறை நின்றது. அதன் மேல் எந்தப் பெயிண்டும் அடிக்கலாம்.

இழுப்பறைகளின் உள்ளே கடுகு மஞ்சள். திறக்கும்போது மட்டும் தெரிகிற நிறம் என்பதால் தைரியமாக அடித்தேன். ஆனால் உராயும் பக்கவாட்டில் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். பூச்சின் கனத்திலேயே இழுப்பறை இறுகிவிடும். அங்கே மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டேன், வழுக்கிக்கொண்டு போகிறது.

* * *

பெரிதாகத் தேய்க்காமலே பழைய பூச்சின் மேல் அடிக்கக்கூடிய சாக் பெயிண்ட் (chalk paint) வாங்கியிருந்தால் இவ்வளவு தேய்த்திருக்க வேண்டாமே? பிரிட்டனின் பெயிண்ட் நிபுணர் ஆனி ஸ்லோன் 1990-ல் அதைக் கொண்டுவந்ததே அந்தச் சுலபத்துக்காகத்தான். நான் ஒரு முக்காலிக்கு அடித்தேன், நன்றாகவே பிடித்தது. மேலே மெழுகோ வார்னிஷோ பூசாவிட்டால் மட்டும் கை பட்ட இடமெல்லாம் அழுக்காகும்.

* * *

சாக் பெயிண்ட் அடித்தாலும் டானின் கறை வரும், அதற்கும் பிரைமர் வேண்டும். நான் சொல்ல வந்தது வேறு. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த பழைய கட்டில், தொட்டில் என்றால் உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் யோசியுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவே வீட்டுப் பெயிண்டில் அதை 1978-ல்தான் தடை செய்தது. உலர்ந்தபடி தேய்த்தால் பறக்கும் தூசி குழந்தைகளுக்கு நஞ்சு. எங்கள் பாட்டி காலத்துத் தொட்டிலில் உரிந்த பச்சை அடுக்குகளைப் பார்த்ததும் பரிசோதனைக்குக் கொடுத்தேன். ஈயம் இருந்தது. அதைக் குழந்தைக்கு என்று புதுப்பிக்கும் எண்ணத்தையே விட்டுவிட்டேன். வீட்டில் இதற்காகச் சண்டைகூட வந்தது, பரவாயில்லை.

* * *

புத்தக அலமாரிக்குச் சிவப்பு அக்ரிலிக் அடித்தேன். தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. அதை நம்பி வீட்டில் ஒருவர் மறுநாளே புத்தகங்களை அடுக்க, அட்டையோடு பெயிண்டும் உரிந்து வந்தது. காய்வது வேறு, இறுகுவது வேறு. முழுதாக இறுக மூன்று நான்கு வாரம்கூட ஆகும். அதுவரை கனமான எதையும் வைக்காதீர்கள்.

அப்புறம், மூடியே கிடக்கும் அலமாரிக்குள் எண்ணெய் எனாமலில் வெள்ளை அடிக்க நினைப்பவர்களுக்கு: வெளிச்சம் படாத இடத்தில் அது சீக்கிரமே மஞ்சளாகும். உள்ளே வெள்ளை வேண்டுமென்றால் அக்ரிலிக் போதும். செதுக்கு வேலை செய்த நல்ல தேக்கு நாற்காலி என்றால் என் ஓட்டு எந்தப் பெயிண்டுக்கும் இல்லை, பாலிஷ்தான்.